நாவில் நன்றி, கையில் நீதி: யூதர் பிரார்த்தனையும் தோராவும் காட்டும் அன்றாட நெறி

 

யூத மக்களின் நித்தியப் பிரார்த்தனையிலும், அவர்கள் உயிரினும் மேலாகப் போற்றிவரும் தோரா என்னும் வேதத்திலும், நம்முடைய அன்றாட ஜீவனத்துக்கு உதவக்கூடிய ஆத்மிகப் பாடங்கள் எவை என்பதே இன்று மாலை நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் பொருள். ஆதியாகமம், யாத்திராகமம், லேவியராகமம், எண்ணாகமம், உபாகமம் என்று தமிழ் விவிலியத்தின் தொடக்கத்தில் நாம் காணும் ஐந்து ஆகமங்களே தோரா. அவற்றுக்கு வழிவழியாக எழுந்த வாய்மொழி விளக்கங்களை ஏறத்தாழ கி.பி. 200-இல் யூதா இளவரசர் என்னும் பேராசான் தொகுத்தார். அத்தொகுப்பு மிஷ்னா எனப்படும். மிஷ்னாவை அடியொற்றிப் பலஸ்தீனத்திலும் பாபிலோனியாவிலும் தலைமுறை தலைமுறையாக அறிஞர்கள் நடத்திய விவாதங்களின் பெருந்திரட்டே தல்மூத். இப்பெயர்களை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்கலாம். ஆனால் விழித்தெழும் வேளை முதல் கண்ணயரும் வேளை வரை ஒரு ஜனசமூகம் இந்நூல்களை எவ்வாறு வாழ்ந்து காட்டியது என்பதை நாம் நின்று கவனித்ததுண்டா?

அந்த மக்கள் நமக்கு முற்றிலும் அந்நியரும் அல்லர். சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மர், யோசேப்பு ரப்பான் என்னும் யூதத் தலைவருக்குப் பகல்விளக்கு, நடைபாவாடை, பல்லக்கு, குடை முதலிய 72 உரிமைகளை ஏறத்தாழ கி.பி. 1000-இல் வழங்கிப் பொறித்துக் கொடுத்த செப்பேடு, நம் முன்னோர் கல்லிலும் செம்பிலும் எழுதிய வட்டெழுத்திலேயே இருக்கிறது. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-இல் எழுந்த பரதேசி ஜெப ஆலயத்துக்குள் பாதரட்சைகளைக் கழற்றிவிட்டே நுழைகிறார்கள்; அந்த வழக்கம் இந்த மண்ணின் வழக்கம். ஆகவே தொலைதூரத்துப் புதுமையைப் பார்க்கும் கண்ணோடு அல்லாமல், அண்டை வீட்டாரின் நற்குணத்தை அறிந்து பயன்பெற விரும்பும் மனத்தோடு இப்பொருளை அணுகுவோமாக.

இப்பெரும் மரபிலிருந்து ஒரே ஒரு பாடத்தை எடுத்துச் சொல் என்று நீங்கள் என்னைக் கேட்டால், நான் சொல்லக்கூடியது இதுதான்: நம்மிடம் உள்ளது எதுவும் முழுமையாக நம்முடையது அன்று. மூச்சு நம்முடையது அன்று. சோறு நம்முடையது அன்று. விளைச்சல் நம்முடையது அன்று. காலங்கூட நம்முடையது அன்று. இந்த உண்மையை நாவுக்குப் பழக்குவது பிரார்த்தனை. இதே உண்மையைக் கைக்குப் பழக்குவது தோரா. நாவு பழகிக் கை பழகாவிட்டால் பக்தி வெறும் ஓசை. இந்த ஒரு கருத்தை, காலை முதல் இரவு வரை, வாரத்தின் தொடக்கம் முதல் முடிவு வரை, சில திருஷ்டாந்தங்களைக் கொண்டு விளக்க முயல்கிறேன்.

காலையிலிருந்தே தொடங்குவோம். யூதர் ஒருவர் உறக்கம் கலைந்து கண் திறந்ததும், படுக்கையைவிட்டு இறங்கும் முன்பே, தம்முடைய ஆத்மாவைத் தமக்குத் திரும்ப அளித்த நித்திய அரசருக்கு நன்றி கூறும் ஒரு சிறு பிரார்த்தனையைச் சொல்கிறார். 16-ஆம் நூற்றாண்டில் சபேத் நகரத்தை அடுத்து வாழ்ந்த மோசே பென் மகீர் என்பவரின் நூலில் நாம் முதன்முதல் காணும் இப்பிரார்த்தனையில், ஆண்டவனின் திருநாமம் இடம்பெறவில்லை. ஏன் தெரியுமா? கை கழுவாமல் திருநாமத்தை உச்சரிக்கலாகாது. ஆனால் கை கழுவும் வரை நன்றியைத் தள்ளிப்போடவும் ஆகாது! தூய்மைக்குக் காத்திராமல், விளக்கேற்றக் காத்திராமல், விழிப்பின் முதல் நொடியிலேயே பிறந்துவிட வேண்டும் நன்றி என்பது அவர்கள் கொள்கை.

இதற்கு அவர்களுடைய ஆசான்கள் சொல்லும் உவமானம் அழகானது. ஒருவரிடம் புதுப்பொருளை அடைக்கலமாகக் கொடுத்து வைத்தால், நாள் சென்றபின் அது தேய்ந்தும் மங்கியும் திரும்பி வருவது உலக இயல்பு. ஆனால் பகலெல்லாம் உழைத்துக் களைத்துத் தேய்ந்த ஆத்மாவை இரவில் நாம் இறைவனிடம் ஒப்படைக்கிறோம், அவரோ விடியற்காலையில் அதைப் புத்தம் புதியதாக நம்மிடம் திருப்பித் தருகிறார் என்பார்கள். நேற்றைய சினமும் நேற்றைய சோர்வும் இன்றைக்கும் நம்மை ஆளவேண்டும் என்பது விதியன்று என்ற ஆறுதல் இதனுள் பொதிந்திருக்கிறதல்லவா?

அடுத்ததாக நான் சொல்லப்போவதைக் கேட்டு ஒருவரும் முகஞ்சுளிக்க வேண்டாம். மலஜலம் கழித்துக் கை கழுவி வந்த பின்னும் யூதர் ஒரு பிரார்த்தனை சொல்கிறார். தல்மூதில் அபாயே என்னும் அறிஞரின் பெயரால் வரும் அப்பிரார்த்தனை, மனித உடலை ஞானத்தோடு படைத்த இறைவனை வாழ்த்துகிறது. திறந்திருக்க வேண்டிய துவாரம் ஒன்று அடைபட்டாலும், மூடியிருக்க வேண்டியது ஒன்று திறந்துகொண்டாலும், மனிதன் அவர்முன் ஒரு நாழிகையும் நிலைத்து நிற்க இயலாது என்று ஒப்புக்கொள்கிறது. பூஜை அறையில் மட்டும் இறைவனை நினைப்பது எளிது. ஆரோக்கியத்தின் அருமையை மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும்போது உணர்வதும் எளிது. உடல் ஒழுங்காக இயங்கும் சாதாரண நாளில், ஒருவரும் பேசக் கூசும் சாதாரணச் செயலில், அதன் அருமையை உணர்ந்து நன்றி சொல்வதற்கு எத்தனை பெரிய பயிற்சி வேண்டும்! தெய்விகம் நுழையக் கூசும் இடம் வாழ்க்கையில் எதுவுமில்லை என்பதை இதைவிடத் துணிவாக யார் சொல்ல முடியும்?

உணவுக்கு வருவோம். வாழ்த்துரை கூறாமல் இவ்வுலகப் பொருளை அனுபவிப்பவன், தெய்வத்துக்கு அர்ப்பணிக்கப்பட்ட பொருளைத் திருடியவனுக்குச் சமம் என்கிறது தல்மூத். ஆதலால் அப்பத்துக்கு ஒரு வாழ்த்து, திராட்சரசத்துக்கு ஒரு வாழ்த்து, மரத்தில் பழுத்ததற்கு ஒரு வாழ்த்து, மண்ணில் விளைந்ததற்கு வேறொரு வாழ்த்து என்று வகுத்து வைத்திருக்கிறார்கள். நாம் நாள்தோறும் உண்ணும் வாழைப்பழத்துக்கு எந்த வாழ்த்து? குலை தள்ளிய தண்டு மடிந்து மறுபடியும் அடியிலிருந்து முளைப்பதால், அதை மரமென்று கொள்ளாமல், மண்ணின் விளைவுக்குரிய வாழ்த்தையே அதற்குச் சொல்லவேண்டும் என்று தீர்மானித்திருக்கிறார்கள். இந்த நுணுக்கம் வீண் என்று தோன்றலாம். ஆனால் ஒரு பழத்தை வாயில் இடுவதற்கு முன், இது எங்கிருந்து வந்தது, மண்ணிலிருந்தா மரத்திலிருந்தா, எப்படி முளைத்தது, எப்படி வளர்ந்தது என்று ஒரு கணம் நின்று எண்ணிப் பார்க்கும் மனிதன், அதை வெறுமே விழுங்கிச் செல்லும் மனிதனாக இருக்க முடியுமா?

உண்ணுமுன் சொல்லும் வாழ்த்தைவிட உண்டபின் சொல்லும் வாழ்த்து நீளமானது. அது உபாகமத்தின் எட்டாம் அதிகாரத்தில் வேரூன்றியது. பசித்தவனுக்கு இறைவன் நினைவு தானே வரும். வயிறு நிறைந்தவனுக்கோ, இவ்வளவையும் என் கைவலிமையால் அல்லவோ சம்பாதித்தேன் என்ற மயக்கம் வரும். அந்த மயக்கத்தையே அவ்வதிகாரம் எச்சரிக்கிறது. இன்னுமொன்று: இறைவன் மாட்டுக்குப் புல்லைத் தந்து, பிறகு மனிதன் உண்டு திருப்தியடைவதைக் கூறும் வேத வாக்கியத்தின் வரிசையைக் கண்ட ஆசான்கள், வளர்க்கும் பிராணிக்குத் தீனி வைக்காமல் எஜமானன் உண்ணலாகாது என்று விதித்துவிட்டார்கள். நன்றி சொல்லும் நாவு தொழுவத்தை மறந்துவிட்டு அப்பத்தைச் சுவைக்கலாகாது!

இப்படி இடி கேட்டால் ஒரு வாழ்த்து, வானவில் கண்டால் ஒரு வாழ்த்து, வசந்தத்தில் பழமரம் பூக்கக் கண்டால் ஒரு வாழ்த்து, புத்தாடை உடுத்தினால் ஒரு வாழ்த்து. துக்கச் செய்தி கேட்டாலும் உண்மையுள்ள நியாயாதிபதியை வாழ்த்தும் வாழ்த்து ஒன்று உண்டு. நாளொன்றுக்கு நூறு வாழ்த்துகள் சொல்லவேண்டும் என்பது ரப்பி மேயீர் என்னும் ஆசான் வகுத்த கணக்கு. நூறு முறை நின்று, நூறு முறை எண்ணி, நூறு முறை நன்றி சொல்கிற நாள், மற்ற நாள்களைப் போன்ற நாளாகவா இருக்கும்?

அன்பர்களே! இங்கே ஒரு கேள்வி எழவேண்டும். நாவு நூறு முறை நன்றி சொல்லிவிட்டால் போதுமா? வாயினால் வாழ்த்திக்கொண்டே கையினால் வஞ்சிக்கும் மனிதர்களை எந்த மதத்திலும் நாம் கண்டதில்லையா?

இந்த ஐயத்தை யூதர்களின் பிரார்த்தனைப் புத்தகமே முன்கூட்டி உணர்ந்திருக்கிறது. காலைப் பிரார்த்தனையில், தோராவை அருளிய இறைவனை வாழ்த்தும் வாழ்த்துகள் முடிந்தவுடன், அவ்விடத்திலேயே சில பகுதிகளைக் கற்க வேண்டும் என்பது முறை. அவற்றுள் ஒன்று எது? இவ்வளவுதான் என்று அளவு கட்டாத காரியங்களை மிஷ்னா வரிசைப்படுத்தும் பகுதி. அவ்வரிசையில் முதலில் நிற்பது, வயலின் ஓரத்தை ஏழைகளுக்கு விட்டுவைக்கும் கடமை! உழுவதற்கு ஒரு சாண் நிலமும் இல்லாத நகரத்து வர்த்தகரும், புத்தகம் தைப்பவரும், பள்ளி ஆசிரியரும், நாள்தோறும் காலையில் வயலோரத்தைப் பற்றி ஓதுகிறார்கள். இன்றைக்கு நான் என்ன சம்பாதித்தாலும் அதன் ஓரம் எனக்குரியது அன்று என்பதைப் பொழுது புலரும்போதே நெஞ்சில் பதித்துக்கொள்வதற்கு இதைவிடச் சிறந்த உபாயம் வேறு ஏது?

அந்த விதியை விரிவாகப் பார்ப்போம், ஏனெனில் அது மிகவும் விசேஷமானது. அறுவடை செய்கிறவன் வயலின் ஓரம்வரை முற்ற அறுக்கலாகாது. சிந்திய கதிரைப் பொறுக்கலாகாது. மறந்துவிட்ட அரிக்கட்டை எடுக்கத் திரும்பிப் போகலாகாது. இவையெல்லாம் ஏழைக்கும், அந்நியனுக்கும், திக்கற்ற பிள்ளைக்கும், விதவைக்கும் உரியவை என்பது தோராவின் கட்டளை. ரூத் என்னும் மோவாபியப் பெண், கணவனை இழந்து மாமியாரோடு பெத்லகேமுக்கு வந்து, போவாசின் வயலில் கதிர் பொறுக்கியது இந்த உரிமையைக் கொண்டுதான்; தாவீது அரசர் பிறந்த வம்சமே அந்தக் கதிர்களிலிருந்து தழைத்தது.

வேதம் அளவு கட்டாமல் விட்ட ஓரத்துக்கு, அறுபதில் ஒரு பங்குக்குக் குறையலாகாது என்று ஆசான்கள் கீழெல்லை வகுத்தார்கள். அதை வயலின் கடைசியில் விடவேண்டும் என்றும் சொன்னார்கள். ஏன் கடைசியில்? ரப்பி சிமியோன் காரணங்கள் கூறுகிறார். எங்கே விட்டிருக்கிறது, எப்போது விடுவார்கள் என்று அறியாமல் ஏழை காத்துக் கிடந்து தன் பொழுதை வீணாக்கக்கூடாது என்பது அவற்றுள் ஒன்று. ஏழையின் நேரத்துக்கும் மதிப்புண்டு என்று எண்ணிய சட்டத்தை நீங்கள் வேறு எங்கே கண்டிருக்கிறீர்கள்? அன்றியும், நிலச்சொந்தக்காரன் தனக்கு வேண்டிய ஏழைக்குக் கூட்டியும் வேண்டாத ஏழைக்குக் குறைத்தும் கொடுக்க உரிமை இல்லை. ஏழைகள் தாமே வந்து தம் கையாலேயே அறுத்துக்கொள்ளவேண்டும். கொடுப்பவன் கை மேலே, வாங்குபவன் கை கீழே என்ற நிலையே அங்கு எழுவதில்லை. நாளொன்றுக்கு மூன்று வேளை, காலையிலும் நண்பகலிலும் பிற்பகலிலும், வயல் அவர்களுக்குத் திறந்திருக்கவேண்டும் என்கிறது மிஷ்னா. இறைவனைத் தொழுவதும் நாளுக்கு மூன்று வேளை. ஏழைக்கு வயலைத் திறந்துவிடுவதும் நாளுக்கு மூன்று வேளை. இந்த ஒற்றுமை என் நெஞ்சை நீங்காமல் நிற்கிறது.

விளைச்சலைப் பற்றிச் சொன்ன தோரா, கூலியைப் பற்றியும் சொல்கிறது. கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடத்தில் தங்கியிருக்கலாகாது. அவன் ஏழை, அவன் உயிரெல்லாம் அதன்மேல் இருக்கிறது, ஆகையால் பொழுது சாயுமுன் கொடுத்துவிடு என்பது கட்டளையின் கருத்து. கடனுக்கு ஈடாக ஏழையின் போர்வையை வாங்கியிருந்தால் அதையும் சூரியன் அஸ்தமிக்குமுன் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அவன் எதைப் போர்த்திப் படுப்பான்? இரவு வரும்போது பிறனுடைய பொருள் நம் வீட்டில் உறங்கக்கூடாது என்பது எவ்வளவு எளிய கட்டளை! மாதக் கடைசியில் வேலைக்காரருக்குச் சம்பளம் கொடுக்கவேண்டிய ஒவ்வொருவரும் வாசற்படியில் எழுதி வைக்கத்தக்க கட்டளை அன்றோ இது?

இதைப் பற்றித் தல்மூதில் ஒரு சம்பவம் வருகிறது. பாபிலோனியாவில் ரப்பா பார் பார் ஹனா என்னும் அறிஞருடைய திராட்சரசப் பீப்பாயைச் சுமந்துசென்ற கூலிக்காரர்கள் வழியில் அதை உடைத்துவிட்டார்கள். நஷ்டத்துக்கு ஈடாக அவர் அவர்களுடைய மேலாடைகளைப் பறித்துக்கொண்டார். அவர்கள் நேரே ரவ் என்னும் பேராசானிடம் போய் முறையிட்டார்கள். சூரா நகரத்தில் பெரிய கல்விக்கழகத்தை நிறுவிய அந்த ரவ், ஆடைகளைத் திருப்பிக் கொடு என்று தீர்ப்பளித்தார். இதுதானா சட்டம் என்று திகைத்துக் கேட்டார் அறிஞர். ஆம், இதுவே சட்டம் என்று சொல்லி, நல்லோர் வழியில் நடக்கும்படி கூறும் நீதிமொழி வாசகத்தைப் பிரமாணம் காட்டினார் ரவ். ஆடைகள் திரும்பி வந்தன. ஆனால் கூலிக்காரர்கள் நகரவில்லை. நாங்கள் ஏழைகள், நாளெல்லாம் பாடுபட்டோம், பசியால் வாடுகிறோம், எங்கள் கையில் ஒன்றுமில்லை என்றார்கள். அப்படியானால் அவர்கள் கூலியையும் கொடுத்துவிடு என்றார் ரவ். இதுவுமா சட்டம் என்று மறுபடியும் கேட்டார் அறிஞர். இதுவும் சட்டம் என்று சொல்லி, அதே வாசகத்தின் பிற்பகுதியை எடுத்துக் காட்டினார் ரவ்.

கவனியுங்கள், அன்பர்களே! சட்டப் புத்தகத்தின் எழுத்து அந்த அறிஞருக்குச் சாதகமாக இருந்திருக்கலாம். ஆனால் நூறு வாழ்த்துகளை ஓதும் ஒருவருக்கு, வேதம் கற்ற ஒருவருக்கு, சட்டத்தின் எல்லை மற்றவர்களுக்கு நிற்குமிடத்தில் நின்றுவிடுவதில்லை. எவன் அதிகமாகத் தொழுகிறானோ அவனிடம் அதிகமாகக் கேட்கப்படுகிறது. பக்தி என்பது சலுகை அன்று. பக்தி என்பது பொறுப்பு.

இதே உண்மையைப் பிற்காலத்தில் வாழ்ந்து காட்டியவர் லித்துவேனியா நாட்டு இஸ்ரயேல் சலாந்தர். 1810 முதல் 1883 வரை வாழ்ந்த அவர், நல்லொழுக்கப் பயிற்சியையே பக்தியின் நடுநாயகமாக வைத்த ஓர் இயக்கத்தை எழுப்பியவர். அப்பம் உண்ணுமுன் சடங்கு முறையாகக் கை கழுவும்போது தாராளமாக நீர் வார்ப்பது சிறந்த ஆசாரமாகக் கருதப்பட்டது. ஆனால் அவரோ விதிக்கப்பட்ட மிகக் குறைந்த அளவு நீரையே பயன்படுத்துவாராம். ஏன் என்று கேட்டதற்கு, அந்நீரைக் கிணற்றிலிருந்து சுமந்து வருபவள் ஒரு வேலைக்காரப் பெண், அவள் தோள்மீது ஏறி நான் புண்ணியவானாக விரும்பவில்லை என்ற கருத்தில் விடையளித்தாராம். நம் வீடுகளில் விரதமும் விழாவும் நடக்கும்போது அடுக்களையில் எத்தனை பேர் முதுகொடிய உழைக்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால், இந்தக் கதை நம்மைச் சும்மா விடுமா?

இனி, யூதர்கள் நின்றபடி மெல்ல ஓதும் நடுநாயகமான பிரார்த்தனையைக் காண்போம். தொடக்கத்தில் பதினெட்டு வாழ்த்துகளாக அமைந்து இன்று பத்தொன்பது வாழ்த்துகளாக உள்ள அப்பிரார்த்தனைக்கு, உதடுகள் மட்டும் அசையக் குரல் வெளிவராமல் பிள்ளை வரம் வேண்டிய அன்னாளின் பிரார்த்தனையை ஆசான்கள் இலக்கணமாகக் கொண்டார்கள். அவள் குடித்திருக்கிறாள் என்று ஆசாரியனாகிய ஏலி தவறாக எண்ணினார். ஆனால் தொழுகைக்கு முறை வகுத்தவள் அந்தத் துயருற்ற பெண்ணே ஆனாள்! பிரார்த்தனையின் நடுப்பகுதியில் அறிவு வேண்டுகிறார்கள், மன்னிப்பு வேண்டுகிறார்கள், நோய் நீங்க வேண்டுகிறார்கள், நல்ல விளைச்சல் வேண்டுகிறார்கள். எதை வேண்டினாலும் எங்களுக்கு என்று வேண்டுகிறார்களே அன்றி எனக்கு என்று வேண்டுவதில்லை. தன் வயிற்றுவலியோடு வந்தவனும் ஊரார் அனைவருடைய நோய்க்குமாக மருந்து கேட்கவேண்டியிருக்கிறது. தனக்கும் அதே தேவை இருக்கையில் பிறனுக்காக வேண்டிக்கொள்பவனுக்கே முதலில் அருள் கிட்டும் என்பதும் அவர்கள் நம்பிக்கை.

மாறாக, எது வீண் பிரார்த்தனை? மிஷ்னா ஒரு திருஷ்டாந்தம் தருகிறது. ஒருவன் வெளியூர் சென்று திரும்பி வருகிறான். ஊருக்குள்ளிருந்து அலறல் கேட்கிறது. அது என் வீடாக இருக்கக்கூடாதே என்று வேண்டிக்கொள்கிறான். நம்மில் யார் அப்படி வேண்டாதவர்? ஆனால் இது வீண் பிரார்த்தனை என்கிறது மிஷ்னா. நடந்தது நடந்துவிட்டது, வேண்டுதலால் அது மாறாது. என் வீடு அன்று என்றால் யார் வீடு? அடுத்த வீடா? எதிர் வீடா? என் நெஞ்சுக்குத் தோன்றும் உரை இது: அலறல் கேட்ட இடத்தில் வேண்டுதல் செய்துகொண்டு நிற்காமல் ஓடிப்போய்க் கைகொடு என்பதே அந்த மௌனமான கட்டளை.

பிறர் துயரில் பங்குகொள்ளும் இதே பாடத்தை இன்னொரு பிரார்த்தனையும் தருகிறது. பெற்றோரை இழந்தவர்கள் பதினொரு மாதங்கள் ஓதும் கதீஷ் என்னும் ஸ்தோத்திரத்தில், மரணம் என்ற பேச்சே இல்லை; இறைவனின் பெருமையை உயர்த்திப் பாடுவதே அது. அதைத் தனியே ஓத முடியாது. பத்துப் பேர் கூடியிருந்து ஆமென் சொல்லவேண்டும். ஆதலால் துக்கித்திருப்பவர் வீட்டுக்குள் முடங்கிக் கிடக்க இயலாது, அக்கம்பக்கத்தாரும் அவரைத் தனியே விட்டுவிட இயலாது. ஒருவர் அழுகை ஒன்பது பேரின் கடமையாகிறது. துக்கமும் தனிச்சொத்து அன்று என்பதை இந்த ஏற்பாடு எத்தனை அன்போடு கற்பிக்கிறது!

வாரத்தின் முடிவுக்கு வருவோம். வெள்ளிக்கிழமை சூரியன் மறையுமுன் விளக்கேற்றி ஓய்வுநாளை வரவேற்கிறார்கள். மிஷ்னா எண்ணிக் கூறும் 39 வகை வேலைகளை அன்று நிறுத்திவிடுகிறார்கள். விதைப்பதும் அறுப்பதும், நெய்வதும் தைப்பதும், எழுதுவதும் அழிப்பதும், தீ மூட்டுவதும் அணைப்பதும் அவற்றுள் அடங்கும். ஆறு நாள் உலகத்தை என் விருப்பம்போல் மாற்றியமைத்தேன், ஏழாம் நாள் அது என் சிருஷ்டி அன்று என்று ஒப்புக்கொண்டு கையை எடுத்துவிடுகிறேன் என்பதே இதன் பொருள். எஜமானன் மட்டும் ஓய்ந்தால் போதாது. வேலைக்காரனும் வேலைக்காரியும், வாசலில் உள்ள அந்நியனும், மாடும் கழுதையும் ஓய்ந்திருக்கவேண்டும். எகிப்தில் நீ அடிமையாயிருந்தாய் என்று உபாகமம் காரணம் காட்டுகிறது. அடிமைப்பட்ட துன்பத்தைப் பழிவாங்கும் நினைவாக வளர்க்காமல், பிறருக்கு ஓய்வளிக்கும் நினைவாக மாற்றியது மனித சரித்திரத்தில் ஒரு மகத்தான காரியம்.

அன்றிரவு மேஜையில் இரண்டு அப்பங்கள் இருக்கும். வனாந்தரத்தில் இறைவன் அளித்த மன்னா என்னும் உணவு ஓய்வுநாளுக்கு முந்திய தினம் இரட்டிப்பாகக் கிடைத்ததன் நினைவு அது. சாதாரண நாளில் அப்பத்துக்கே முதல் வாழ்த்து. ஓய்வுநாளிலோ திராட்சரசத்துக்கு முதல் வாழ்த்து சொல்லவேண்டியிருக்கிறது. அதுவரை அப்பத்தை ஒரு துணியால் மூடிவைக்கிறார்கள். முந்தியிருக்க வேண்டிய தன்னைப் பிந்தவைத்தார்களே என்று அப்பம் வெட்கப்படக்கூடாதாம்! உயிரற்ற அப்பத்தின் மானத்தைக் காக்கப் பழகிய கை, அதே மேஜையில் உட்கார்ந்திருக்கும் மனைவியையோ மகனையோ ஏழை உறவினரையோ நாலுபேர் முன் தலைகுனிய வைக்குமா?

இனி, தோராவை அவர்கள் வாசிக்கும் முறையைப் பார்ப்போம். ஆண்டு முழுவதும் வாரத்துக்கு ஒரு பகுதியாகத் தோராவை வாசிக்கிறார்கள், 54 பகுதிகள். கையால் எழுதப்பட்ட தோல்சுருளில் 304,805 எழுத்துகள். ஓர் எழுத்துக் குறைந்தாலும், சரிசெய்யும் வரை அச்சுருளை வழிபாட்டில் வாசிக்கலாகாது. கடைசி வரியை முடித்த அதே நாளில், அதே விழாவில், முதல் வரியை மறுபடியும் தொடங்கிவிடுகிறார்கள். படித்து முடித்தவன் என்று அந்தச் சமூகத்தில் எவனும் இல்லை. நாள்பட்டுத் தேய்ந்த ஏடுகளை எறிந்துவிடாமல் ஓர் அறையில் சேர்த்து வைத்து, பிறகு அடக்கம் செய்கிறார்கள். எகிப்தில் பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா ஜெப ஆலயத்தில் அப்படிச் சேர்ந்து கிடந்த ஏடுகளை 1896–97-இல் சாலமன் ஷெக்டர் என்ற அறிஞர் வெளிக்கொணர்ந்து கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுசென்றபோது, வேத ஏடுகளோடும் பிரார்த்தனை ஏடுகளோடும் கடைக்கணக்குகளும், திருமண ஒப்பந்தங்களும், பிள்ளைகள் எழுத்துப் பழகிய தாள்களும், 12-ஆம் நூற்றாண்டில் மங்களூரில் தங்கி வாணிகம் செய்த ஆபிரகாம் பென் யிஜூவின் கடிதங்களும் கலந்து கிடந்தன. வேதத்துக்கும் வியாபாரத்துக்கும் ஒரே அறை! அன்றாட வாழ்க்கை முழுவதும் ஒரே சன்னிதியில் நடப்பது என்று நம்பிய மக்களுக்கு அது பொருந்தும்தானே?

தேய்ந்ததையும் எறிந்துவிடாத அந்த மனத்தைக் காட்டும் இன்னொரு செய்தி. மக்கள் வழிபட்ட பொற்கன்றைக் கண்டு மோசே கோபத்தால் உடைத்த, இறைவனின் கட்டளைகள் பொறித்த முதல் கற்பலகைகள் என்னவாயின? இரண்டாம் முறை அருளப்பட்ட முழுப் பலகைகளோடு, உடைந்த துண்டுகளும் உடன்படிக்கைப் பெட்டியிலேயே வைக்கப்பட்டிருந்தன என்கிறார்கள் ஆசான்கள். முதுமையால் கற்றதையெல்லாம் மறந்துபோன அறிஞரை அவமதிக்காதீர்கள், உடைந்த பலகைகளும் அதே பெட்டியில்தான் இருந்தன என்று அதிலிருந்து பாடம் எடுத்தார்கள். பெயர்களை மறந்துபோன தாயும், சொன்னதையே திரும்பச் சொல்லும் தந்தையும் நம் வீடுகளில் இருக்கிறார்களே, அவர்களை எந்த இடத்தில் வைத்திருக்கிறோம்? பெட்டிக்குள்ளா, வெளியிலா?

முடிவாக, அவர்களுடைய ஆண்டின் மகாபரிசுத்த நாளைக் குறிப்பிடுகிறேன். யோம் கிப்பூர் என்னும் பாவநிவர்த்தி நாளில், மாலை தொடங்கி மறுநாள் இருட்டும் வரை நீரும் அருந்தாமல் உபவாசமிருந்து பிரார்த்திக்கிறார்கள். அந்நாளின் பலன் என்ன? மனிதன் இறைவனுக்குச் செய்த பிழையை அந்நாள் நீக்கும். மனிதன் மனிதனுக்குச் செய்த பிழையை, அந்த மனிதனைச் சமாதானப்படுத்தும் வரை, அந்நாளும் நீக்காது என்கிறது மிஷ்னா. இறைவனே தலையிட மறுக்கும் எல்லை ஒன்று உண்டு. அந்த எல்லைக்குள் பக்கத்து வீட்டுக்காரனும், தம்பியும், வேலைக்காரியும் நிற்கிறார்கள். ஆகவேதான் அந்நாளுக்கு முன்பே வீடு வீடாகச் சென்று மன்னிப்புக் கேட்பது அவர்கள் வழக்கம். உபவாசம் முடிந்த அன்றிரவே, அடுத்து வரும் கூடாரத் திருநாளுக்கான பந்தலுக்கு முதல் கழியை நாட்டுவதும் பலரிடம் வழக்கமாக இருக்கிறது. தொழுகை முடிந்தது, இனி உறங்குவோம் என்று போவதில்லை. தொழுகை முடிந்தது, இனி வேலையைத் தொடங்குவோம் என்று போகிறார்கள்.

அன்பர்களே! பிறருடைய மார்க்கத்தைப் பற்றிக் கேட்பது அதைப் புகழ்ந்துவிட்டுக் கலைந்து செல்வதற்காக அன்று. நாம் எந்தத் தெய்வத்தை எந்தப் பெயரால் தொழுதாலும், உண்ணும் சோற்றுக்கு நன்றி சொல்ல நமக்குத் தடையில்லை. உழைத்தவனுக்குப் பொழுது சாயுமுன் கூலி கொடுக்க நமக்குத் தடையில்லை. நம் வருமானத்தின் ஓரத்தை முன்கூட்டியே பிரித்து வைக்க நமக்குத் தடையில்லை. நாம் புண்படுத்திய ஒருவரின் கதவைத் தட்ட நமக்கு என்ன தடை இருக்கிறது, நம் அகங்காரத்தைத் தவிர? இங்கிருந்து வீடு திரும்பும் ஒவ்வொருவரும் இந்த நான்கில் ஒன்றையேனும் இன்றிரவே தொடங்குங்கள். நாளைக்கு என்று ஒத்திவைக்காதீர்கள், ஏனெனில் நாளை என்பதும் நம்முடையது அன்று.